திருகோணமலைக் கடலடியில் படம் எடுக்க வரும் ஐந்து நண்பர்களுக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஐந்து நண்பர்கள் ஓகஸ்டில் ஐந்து நாள் விடுமுறையில் திருகோணமலைக்கு வருகிறீர்கள். இரண்டு பேரிடம் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சுழியோடல் சான்றிதழ் இருக்கிறது, மற்ற மூவருக்கும் நீச்சல் மட்டும்தான் தெரியும். நீருக்கடியில் நல்ல படங்கள் எடுக்க வேண்டும். எந்தக் கமரா வாங்கலாம், எங்கே இறங்கலாம், எல்லாம் முடிந்ததும் அப்படியே நுவரெலியாவுக்கு ஏறிவிடலாமா என்பதுதான் கேள்வி.

கமராவுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து அந்த மூன்று பேரின் பயிற்சிக்குக் கொடுங்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலுக்கடியில் ஒரு படம் நன்றாக வருவதில் பெரிய பங்கு, அசையாமல் ஓரிடத்தில் மிதக்கத் தெரிந்த உடம்புக்குத்தான். விலை உயர்ந்த கமராவைக் கட்டிக்கொண்டு இறங்கி, கைகால் அடித்து மணலைக் கிளப்பி, மீன்களை எல்லாம் விரட்டிவிட்டு, நீலப் புகை மட்டும் படமாகக் கொண்டு மேலே வருபவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். சின்னக் கமராவோடு சும்மா மிதந்து நிற்பவரிடம் ஆமை தானாகவே வந்துவிட்டுப் போகும்.

மாதம் சரியானதுதான். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று எங்கள் கரையை நேராக அடிக்கும். கடலும் கொந்தளிக்கும், மழை வெள்ளத்தோடு மகாவலி கொண்டுவரும் சேறும் கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கும். அந்த மாதங்களில் சுழியோடும் நிலையங்களில் பெரும்பாலானவை பூட்டியே இருக்கும். ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். தென்மேற்கில் இருந்து வரும் காற்று தரையைக் கடந்து எங்களிடம் வருவதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்பாது. நல்ல நாளில் 20 மீற்றர் தூரம் வரை தெரியும். தண்ணீரும் 28 பாகை அளவில் இருப்பதால் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள சுழியோடும் உடை போதும். ஆனால் பகல் ஏற ஏறக் காற்று கூடும். காலை ஏழு மணிக்கே படகில் இருக்கும்படி திட்டம் போடுங்கள். படம் எடுப்பவருக்கு இதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. எங்களுக்குச் சூரியன் கடலில் இருந்துதான் எழும்புகிறது. தீவுகளின் வெளிப்பக்கமும், திருக்கோணேச்சரம் கோயில் நிற்கும் சுவாமி மலையின் கடல் முகமும் காலையில்தான் வெளிச்சத்தில் நிற்கும், மத்தியானத்துக்குப் பிறகு மலையடி நிழலுக்குள் போய்விடும்.

அந்த மூன்று பேருக்கும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பயிற்றுநர் கையைப் பிடித்து 12 மீற்றருக்கு மேற்படாமல் ஒருமுறை இறக்கிக் காட்டும் அறிமுகச் சுழியோடல். ஆசை தீரும், அதற்கு மேல் எதுவும் இல்லை. மற்றது முழு ஓப்பன் வாட்டர் பயிற்சி. பாடப் பகுதியை இணையத்தில் வீட்டிலேயே படித்துவிட்டு வந்தால் தண்ணீரில் செய்ய வேண்டியதை மூன்று நாளில் முடிக்கலாம். அப்படிச் செய்தால் நான்காம் நாள் காலை ஐந்து பேரும் சேர்ந்தே 18 மீற்றர் வரை இறங்கலாம். நண்பர்களாகப் புறப்பட்டு வந்துவிட்டு இரண்டு பேர் கடலிலும் மூன்று பேர் கரையிலுமாகப் பிரிந்து கிடப்பதை விட இது எவ்வளவோ நல்லது. பயிற்சிக்கு முன்பு மருத்துவப் படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை என்று எதற்காவது ‘ஆம்’ போட வேண்டியிருந்தால் ஊரிலேயே டொக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வாருங்கள். இங்கே வந்து அதற்காக அலைந்தால் ஒரு நாள் போய்விடும். தடிமன், சளி இருந்தால் இறங்கவே வேண்டாம். காதில் அழுத்தம் சமப்படாமல் கீழே போனால் செவிப்பறை கிழியும்.

சான்றிதழ் இருக்கும் இரண்டு பேருக்கும் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். முதல் நாள் கமரா இல்லாமல் இறங்குங்கள். கடைசியாக எப்போது சுழியோடினீர்கள் என்று எழுதவில்லை. ஒரு வருடம் கடந்திருந்தால் உடம்பு பலவற்றை மறந்திருக்கும். இடுப்பில் எவ்வளவு ஈயம் கட்ட வேண்டும், மிதப்பு அங்கிக்குள் எவ்வளவு காற்று விட வேண்டும் என்பதை அன்று சரிசெய்து, முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) ஒரு மீற்றர் மேலே கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகுங்கள். மூச்சை உள்ளே இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் கொஞ்சம் இறங்கும். அந்த எழும்பலும் இறங்கலும் மூச்சுக்கு ஓரிரு விநாடி பிந்தித்தான் வரும். இந்தப் பிந்தலை உடம்பு அறிந்துகொண்டால் கமராவை மீனின் கண் மட்டத்துக்குக் கொண்டுபோக கையோ காலோ தேவைப்படாது.

மூச்சு விஷயத்தில் படம் எடுப்பவர்களுக்கு என்றே ஓர் ஆபத்து இருக்கிறது. தரையில் படம் எடுக்கும்போது கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடிப்போம். அந்தப் பழக்கம் தண்ணீருக்குள்ளும் கூடவே வரும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீற்றர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்தால் உடம்பு மேலே எழும்பத் தொடங்கும், எழும்ப எழும்ப உள்ளே இருக்கும் காற்று விரியும். நுரையீரல் காயப்பட ஒன்றிரண்டு மீற்றர் உயர்வே போதும், ஆழம் குறைந்த இடத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். அதனால் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். மூச்சு விட்டு முடியும் தறுவாயில் உடம்பு தானாகவே அமைதியாக இருக்கும், படமும் ஆடாது.

அப்புறம் காற்றுமானி. சிலிண்டரின் அழுத்தம் 200 பார் அளவில் தொடங்கும், 50 பார் மிச்சம் இருக்கும்போது நீங்கள் மேலே படகருகில் இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது நேரம் போவதே தெரியாது. ஓரிரு படத்துக்கு ஒருமுறை மானியைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். மேலே வரும்போது 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அதைக் குறைக்க எந்த மீனும் காரணம் ஆகாது.

இதனால்தான் இரண்டு பேருக்கு ஒரு கமரா போதும் என்கிறேன். ஒருவர் படம் எடுத்தால் மற்றவர் அவரையும் மானியையும் வழிகாட்டியையும் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த இறக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் கமராவோடு இறங்கினால் இருவரும் ஆளுக்கொரு கல்லுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார்கள், துணை என்று யாரும் இல்லை. பயிற்சியை அப்போதுதான் முடித்த மூன்று பேர் கையிலும் இந்தப் பயணத்தில் சுழியோடும்போது கமரா வேண்டவே வேண்டாம். அவர்கள் படத்துக்குள் இருக்கட்டும்.

சரி, இனிக் கமரா. எதை வாங்குவது என்பதற்கு முன்பு தண்ணீர் வெளிச்சத்தை என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு நிறம் 5 மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் மங்கிவிடும். செம்மஞ்சள் 10 மீற்றர் அளவிலும் மஞ்சள் 20 மீற்றர் அளவிலும் போய்விடும். மிச்சம் பச்சையும் நீலமும்தான். ஆழத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. 10 மீற்றர் ஆழத்தில் உங்களிடம் இருந்து 5 மீற்றர் தள்ளி நிற்கும் மீனைப் படம் எடுத்தால், வெளிச்சம் மேலிருந்து மீனுக்கு 10 மீற்றரும் மீனிடம் இருந்து கமராவுக்கு 5 மீற்றருமாகப் பதினைந்து மீற்றர் தண்ணீரைக் கடக்கிறது. தூரம் கூடக் கூட நிறமும் தெளிவும் போகும். ஆகவே நெருங்குங்கள். ஒரு மீற்றருக்குள் வராத மீனை எடுக்காமல் விடுவது நல்லது. கண்ணாடி முகமூடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டவும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் இருந்து இன்னும் கொஞ்சம் போகலாம்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் ஒலிம்பஸ் (இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது) டிஜி வரிசைக் கமராவைச் சொல்வேன். உறை இல்லாமல் 15 மீற்றர் தாங்கும், அதற்குரிய உறை போட்டால் 45 மீற்றர். நீங்கள் 18 மீற்றர் வரை போவதால் உறை கட்டாயம் தேவை. மிகக் கிட்ட உள்ள சின்னப் பொருளையும் தெளிவாகப் பிடிப்பதுதான் அதன் பலம். கோப்ரோவும் நல்லதுதான், விரிந்த காட்சிக்கும் வீடியோவுக்கும் அதை மிஞ்ச முடியாது. ஆனால் அது உறை இல்லாமல் 10 மீற்றர்தான், சுழியோடும் உறையோடு 60 மீற்றர். கைப்பேசிக்கு விற்கும் பிளாஸ்டிக் பையை நம்பி இறங்காதீர்கள், அது கரையோரக் குளிப்புக்கு மட்டும்தான். லென்ஸ் மாற்றும் பெரிய கமராவும் அதற்கு உறையும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். உறையே கமராவின் விலையை எட்டும், அதைத் தூக்கிக்கொண்டு நீந்துவதே தனிப் பயிற்சி.

மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல வீடியோ விளக்கு வாங்குங்கள். கமராவில் உள்ள பிளாஷை அணைத்துவிடுங்கள். அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் பொட்டாகக் கிடக்கும். விளக்கைக் கைநீளத்துக்குப் பக்கவாட்டில், கமராவுக்குச் சற்றுப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் மீனில் மட்டும் விழும். இருட்டுக் கல்லிடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் அஞ்சாலை மீனின் உண்மையான நிறத்தை அப்போதுதான் காண்பீர்கள். விளக்கின் வெளிச்சம் எட்டாத பெரிய காட்சிக்கு, அந்த ஆழத்திலேயே வெண்சமநிலையை (வெள்ளை எது என்று கமராவுக்குக் காட்டி நிறத்தைச் சரிப்படுத்தும் அமைப்பை) சரிசெய்யுங்கள். கீழே கிடக்கும் வெள்ளை மணலைக் காட்டி அளந்தால் போதும். ஆழம் மாறும்போது மறுபடியும் அளக்க வேண்டும். ரா கோப்பாக, அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே, சேமித்தால் பிறகு கணினியில் நிறத்தை மீட்க இடம் இருக்கும். சிவப்புக் கண்ணாடி வடிகட்டியைச் சூரிய வெளிச்சத்தில் மட்டும் போடுங்கள். விளக்கோடு சேர்த்துப் போட்டால் எல்லாம் சிவந்துபோகும்.

மேலிருந்து கீழே பார்த்து எடுத்த படத்தில் மீனும் கல்லும் ஒன்றாகக் கலந்துவிடும். கொஞ்சம் கீழே இறங்கி மேல்நோக்கி எடுத்தால் பின்னால் நீலம் வரும், உருவம் தனியாக நிற்கும். நண்பர்களை எடுக்கவும் இதுவே வழி. அவர்களுக்குப் பக்கவாட்டு இறப்பர் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும் முகமூடியை எடுத்துக்கொடுங்கள். கறுப்பு இறப்பர் கண்களை நிழலாக்கிவிடும். முகம் தெரியாத சுழியோடியின் படம் யாருடைய படமாகவும் இருக்கலாம், சிரிப்புக் கண்கள் தெரிந்தால்தான் அது உங்கள் கூட்டாளி.

உறைக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் அந்த வட்ட இறப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு தலைமயிராலோ மணல்துணிக்கையாலோதான். படகில் வைத்து உறையைத் திறக்காதீர்கள். இரவே, அறையில், காய்ந்த கையோடு வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் பசையை மெல்லியதாகப் பூசி மூடுங்கள். முதல் தடவை கமரா இல்லாமல் வெறும் உறையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். ஏசி போட்ட அறையில் இரவு முழுக்கக் கிடந்த கமராவை எங்கள் ஓகஸ்ட் வெயிலுக்குக் கொண்டுவந்தால் உள்ளே பனி பிடிக்கும், உறைக்குள் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போட்டுவிடுங்கள். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் திறக்க வேண்டும்.

இறங்கும் இடங்களில் முதலாவது புறாத்தீவு. நிலாவெளிக் கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது எங்கள் பக்கத்தவை பெருமளவு தப்பின. அந்தச் செல்வத்தை இன்று எங்கள் கால்களே மிதித்து உடைக்கின்றன என்பது எனக்குப் பெரிய வேதனை. விடுமுறை நாட்களில் ஆழமில்லாத பக்கத்தில் மான்கொம்பு முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். உங்கள் கூட்டத்தில் யாரும் அதைச் செய்ய விடாதீர்கள். துடுப்புக் காலணியின் ஒரு உதை, பல வருடம் வளர்ந்த கிளையை முறித்துவிடும். சன்கிறீம் பூசுவதற்குப் பதிலாக நீளக்கை நீச்சல் சட்டை போடுங்கள். கிழமை நாளில், முதல் படகில் போங்கள். அனுமதிச் சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது. உள்நாட்டவர் கட்டணத்துக்கு அடையாள அட்டை தேவை.

புறாத்தீவில் எல்லாரும் கேட்பது கருநுனிச் சுறாவை. அவை பெரும்பாலும் ஆழம் குறைந்த பகுதியிலேயே சுற்றும், மனிதருக்குப் பயந்தவை. சிலிண்டரின் குமிழிச் சத்தத்துக்கு விலகிப் போகும். ஆகவே சுறாப் படத்துக்கு ஸ்நோர்க்கலோடு (மேற்பரப்பில் மிதந்தபடி மூச்சு விடும் குழாயோடு) போவதுதான் சிறந்தது. காலை வெளிச்சம் நேராக விழும் இரண்டு மூன்று மீற்றர் தண்ணீரில் சிவப்பும் மஞ்சளும் இன்னும் மிச்சம் இருக்கும். துரத்தாமல் அசையாது மிதந்தால் சுற்றி வந்து உங்களைப் பார்க்கும். பயிற்சி முடியாத மூன்று பேரும் கோப்ரோவோடு இதில் முழுமையாகச் சேரலாம். பயணத்தின் மிக நல்ல படம் அவர்களிடம் இருந்து வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சுவாமி மலை அடி வேறு மாதிரியான இடம். மேலே பாடல்பெற்ற தலமான திருக்கோணேச்சரம், கீழே அதன் பழைய கோயிலின் துண்டுகள். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள், மிச்சம் கடலுக்குள் போயிற்று. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இங்கே இறங்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதை உலகுக்குச் சொன்னார்கள். இன்றும் பாசியும் முருகைக்கல்லும் மூடிய தூண்களைக் காணலாம், சதுரமாக வெட்டிய முனையைக் கண்டுதான் இது மனிதன் செதுக்கியது என்று தெரியும். மலையில் மோதித் திரும்பும் அலை அடியிலும் ஆட்டும், அதனால் கடல் அமைதியான காலையில் மட்டும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சான்றிதழ் உள்ள இருவருக்கு இது மூன்றாம் நாளுக்கு ஏற்றது. இங்கே விளக்கை விட்டுவிட்டு, மேலிருந்து விழும் வெளிச்சத்திலேயே, கமராவை நெடுக்காகத் திருப்பி, கீழே தூணும் மேலே மலையின் சுவரும் வரும்படி எடுங்கள். எதையும் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். எங்கள் ஊர் மக்களுக்கு அது கோயில்தான். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கும் சுழியோடிகள் பலர் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

நான்காம் நாள் ஐவரும் சேர்ந்து இறங்க இறக்கண்டிப் பக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைச் சொல்வேன். ஆழம் அதிகம் இல்லை, புதியவர்களும் வரலாம். இரும்புச் சட்டங்களைச் சுற்றிப் பாரையும் கலவாயும் கூட்டமாக நிற்கும். உள்ளே மட்டும் நுழையாதீர்கள். கல்மீனும் சிங்கமீனும் இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும், கை வைக்க வேண்டாம். துறைமுகத்துக்குள் 1944இல் பிரித்தானியாவின் வேலியன்ட் போர்க்கப்பலைத் தூக்கும்போது உடைந்து மூழ்கிய மிதக்கும் கப்பல்துறை கிடக்கிறது, ஆனால் அது கடற்படைப் பகுதி. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அது தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது.

கடைசியாக நுவரெலியா. சுழியோடியதும் உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் வெளியேற நேரம் வேண்டும். பல இறக்கங்களுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விதி. உயரமான மலைக்கு வாகனத்தில் ஏறுவதும் உடம்புக்கு அதே மாதிரிதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மத்தியானம் சுழியோடிவிட்டு அன்றிரவே வான் பிடித்து மலை ஏறினால் மூட்டு வலி, மரமரப்பு, அதற்கும் மேலே போகலாம். இதை விமானத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்து மலைநாட்டுக்கு ஓடுபவர்கள் நிறைய. ஆகவே நான்காம் நாள் காலையோடு சுழியோடலை நிறுத்துங்கள். ஐந்தாம் நாள் காலையில் கோட்டைக்குள் மான்களைப் பார்த்து, கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு, பிற்பகல் கண்டிக்குப் புறப்பட்டு இரவு அங்கே தங்குங்கள். நுவரெலியா ஆறாம் நாள் காலையில்தான். ஆறாம் நாள் இல்லை என்றால் மலைநாட்டை முதலில் பார்த்துவிட்டு இங்கே இறங்கி வாருங்கள், திரும்பும்போது திருகோணமலையில் இருந்து இரவு ரயிலில் நேராகக் கொழும்பு போகலாம். ஓகஸ்டில் படுக்கையும் இருக்கையும் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் சுழியோடும் நிலையத்தில் நாள் குறித்ததும் ரயில் சீட்டையும் எடுத்துவிடுங்கள்.